வியர்வை கொட்டுபவர்கள் ஓட்டத்துக்கு எந்த டி-ஷர்ட் போடுகிறீர்கள்?

அடையாறு_ஆமை (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, எடை 82 கிலோ. பெசன்ட் நகர் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறேன், மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம். மூச்சு, முட்டி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வியர்வைதான் ஆளைக் கொல்கிறது. இரண்டாவது கிலோமீட்டரில் டி-ஷர்ட் தொப்பலாகிவிடும். ஆறாவதில் நுனியிலிருந்து சொட்டி ஷார்ட்ஸ் நனையும். அப்புறம் அது காலில் வழிந்து ஷூவுக்குள் இறங்கி, அடி வைக்கும் போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம் வரும். நனைந்த துணி உரசி அக்குள், மார்பு இரண்டு இடத்திலும் தோல் வழன்றுவிடுகிறது.

‘வியர்வையை உறிஞ்சும்’, ‘நொடியில் உலரும்’ என்று எழுதிய டி-ஷர்ட்டுகள் அலமாரியில் ஒரு அடுக்கு கிடக்கின்றன. எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஜனவரியில் சென்னை அரை மராத்தான் ஓட ஆசை. ஆயிரம் ரூபாய்க்குள், 21 கிலோமீட்டர் தாங்குகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

நொய்யல்_நடை (கோவை)

கோயம்புத்தூருக்கு வீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். டி-ஷர்ட் செலவு மிச்சம்.

பழைய_பஞ்சு (மதுரை)

தம்பி, நல்ல பருத்தி பனியன் போடுங்கள், போதும். எனக்கு அறுபத்து மூன்று வயது. தமுக்கம் பக்கம் தினமும் ஓடுகிறேன். இந்த பாலியஸ்டர் எல்லாம் பிளாஸ்டிக்தானே? பிளாஸ்டிக்கை உடம்பில் சுற்றிக்கொண்டு வியர்க்கிறதே என்றால் வியர்க்கத்தான் செய்யும். நம் வெயிலுக்கு நம் பஞ்சு.

கொதிகலன் (நெய்வேலி)

பஞ்சு ஐயா சொல்வது நடைக்கும் அலுவலகத்துக்கும் சரி. ஆமை சார் கேட்பது வேறு விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும்.

ஓடும்போது ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 82 கிலோ ஆள் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் 740 கிலோகலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் வெளியே வரும். 570 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உங்களுக்குப் போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் சொட்டி வீணாகிறது. சொட்டுகிற வியர்வை உடலைக் குளிர்விப்பதே இல்லை.

அப்படியானால் ஏன் சொட்டுகிறது? காற்று வாங்கிக்கொள்ள மறுக்கிறது. தோல் 35 டிகிரியில் இருந்தால் அதன் ஈரத்தின் ஆவி அழுத்தம் 56 மில்லிபார். சென்னையில் கோடைக் காலையில் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரி சாதாரணம். அந்தக் காற்றில் ஏற்கெனவே 32 மில்லிபார் ஈரம் இருக்கிறது. மிச்ச இடைவெளி 24தான். பனிப்புள்ளி 15 டிகிரியாக இருக்கிற ஊரில் காற்றில் 17தான் இருக்கும், இடைவெளி 39. அங்கே அதே ஆளுக்கு அதே டி-ஷர்ட் காய்ந்த மாதிரி தெரியும். விளம்பரப் படம் எடுக்கிற ஊரெல்லாம் அப்படிப்பட்ட ஊர்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். ஓடுவதற்கு முன் துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி வந்து, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த கிலோவோடு நடுவில் குடித்த தண்ணீரையும் கூட்டுங்கள். அதுதான் உங்கள் வியர்வை, லிட்டர் கணக்கில்.

அடையாறு_ஆமை (சென்னை)

இன்று காலை பார்த்தேன். 1.8 கிலோ குறைவு, நடுவில் 400 மில்லி குடித்தேன். மணிக்கு 2.2 லிட்டர் வருகிறது. இது நோயா சார்?

கொதிகலன் (நெய்வேலி)

நோய் இல்லை. அதிகம், அவ்வளவுதான். அமெரிக்க ஓட்டக்காரர் ஆல்பர்ட்டோ சலசாரை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குத் தயார் செய்தபோது அளந்து பார்த்தார்கள். மணிக்கு 3.7 லிட்டர். நீங்கள் அவருக்கு முன்னால் குழந்தை. (அவர் அந்த மராத்தானில் பதினைந்தாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

உங்கள் 2.2 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் எந்தத் துணி போட்டாலும் ஆவியாகப் போவதில்லை. ஆகவே ‘காய்ந்த டி-ஷர்ட்’ என்ற ஆசையை விட்டுவிடுங்கள். எவ்வளவு தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள், அது எங்கே ஒட்டுகிறது, எங்கே உரசுகிறது என்று மட்டும் பாருங்கள்.

பழைய_பஞ்சு (மதுரை)

கணக்கெல்லாம் சரி. பஞ்சும் தண்ணீரைத் தாங்குகிறது, பாலியஸ்டரும் தாங்குகிறது. என்ன பெரிய வித்தியாசம்?

பனியன்_கம்பெனி (திருப்பூர்)

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும், தொழிலே இதுதான்.

நூலிழைக்குள் போகிற ஈரம் ஒன்று, இழைகளுக்கு நடுவே தேங்குகிற ஈரம் இன்னொன்று. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் நான்கு சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. பருத்தி இழை ஈரத்தில் ஊதவும் செய்யும். ஊதினால் துணியின் கண்கள் அடைபட்டுவிடும், காற்று போகாது. அதனால்தான் நனைந்த பருத்தி பனியன் தோலோடு அட்டையாக ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் பாலியஸ்டர் என்று லேபிளில் பார்த்ததும் ஏமாறவேண்டாம். இழை குடிக்காவிட்டாலும் தடிமனான துணியில் இழைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும். கம்பெனி ஓட்டங்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற டி-ஷர்ட்டில் பல சாப் மேட்டி என்ற தடித்த துணி. 200 ஜிஎஸ்எம்மைத் தாண்டும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 200 கிராமுக்கு மேல். காலர் வைத்த சட்டைக்கு அருமையான துணி. அதைப் போட்டுக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடினால் ஈரச் சாக்கு. டாட் நிட், ரைஸ் நிட் என்று நாங்கள் சொல்கிற பின்னல் துணி 140, 160 சுற்றி வரும். விளையாட்டுக் கடைகளில் அதிகம் பார்ப்பது இவைதான். உங்களுக்கு இன்னும் கீழே, 100 முதல் 130 வரை வேண்டும். இந்த எண்ணை லேபிளில் போட மாட்டார்கள். வீட்டுச் சமையல் தராசில் டி-ஷர்ட்டை வையுங்கள். எக்ஸ்எல் அரைக்கை 150 கிராமுக்குள் இருந்தால் பரவாயில்லை. 200 கிராம் என்றால் ஓட்டத்துக்கு வேண்டாம், வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சோதனை இது. வீட்டில் இருக்கிற எல்லா டி-ஷர்ட்டையும் வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் கொடியில் தொங்கவிடுங்கள். சொட்டுவது நின்றதும் எடை போடுங்கள். காய்ந்த எடையைக் கழித்தால் ஓடும்போது சும்மா சுமக்கிற தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடைக்காரர் சொல்வதை, பிராண்ட் சொல்வதை, நான் சொல்வதைக்கூட நம்பவேண்டாம்.

வியர்வை கடத்தும் தன்மை இரண்டு வழியில் வரும். ஒன்று, நூலையே வாய்க்கால் வெட்டின மாதிரி குறுக்குவெட்டில் செய்வது. டூபாண்ட் 1986இல் கொண்டுவந்த கூல்மேக்ஸ் அந்த வகை. அது துணி கிழியும்வரை இருக்கும். இரண்டாவது, சாதாரண பாலியஸ்டரைச் சாயம் போட்டபிறகு ஒரு ரசாயனத்தில் முக்கி எடுப்பது. மலிவான ரகங்களில் பெரும்பாலும் இதுதான். கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென்று பரவும், ரொம்ப நன்றாக இருக்கும். இருபது சலவைக்கு அப்புறம் அதே சொட்டு முத்து மாதிரி மேலேயே நிற்கும். அலமாரியில் கிடக்கிற பழைய டி-ஷர்ட்டில் சொட்டு விட்டுப் பாருங்கள்.

அடையாறு_ஆமை (சென்னை)

தராசு வைத்தேன். நான் அதிகம் போடுகிற டி-ஷர்ட் 214 கிராம். வாளியில் முக்கித் தொங்கவிட்டால் அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பிடிக்கிறது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

மூங்கில் துணி என்று ஒருவர் சிபாரிசு செய்தார். இயற்கை, குளிர்ச்சி, கிருமி வராது என்கிறார். அது எப்படி?

பனியன்_கம்பெனி (திருப்பூர்)

மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக இழுப்பது. தொட்டால் வழுவழு, படுத்துத் தூங்க அருமை. ஆனால் விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் வலுவும் குறையும். அமெரிக்காவில் அதை மூங்கில் என்று மட்டும் எழுதி விற்றதற்குப் பெரிய கடைகளுக்கே அபராதம் போட்டிருக்கிறார்கள். ரேயான் (விஸ்கோஸுக்கு அங்கே அதுதான் பெயர்) என்று எழுதவேண்டுமாம். உங்களுக்கு அது ஆகாது.

ஐந்தரைமணி (சென்னை)

இந்த உரையாடலில் இதுவரை ஆண்கள் மட்டும் பேசுவதால் சொல்கிறேன். பெண்களுக்குக் கணக்கு வேறு. எங்களுக்கு மேலே ஒரு துணி இல்லை, இரண்டு. ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டைதான் முதலில் நனையும், முதலில் அறுக்கும். மேலே எவ்வளவு மெல்லிய டி-ஷர்ட் போட்டாலும் உள்ளே தடிமனான பஞ்சுப் பேட் வைத்த பிரா இருந்தால் பயன் இல்லை. பேட் ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழற்றி எடுக்கிற பேட் என்றால் எடுத்துவிட்டு ஓடுங்கள்.

அப்புறம் நிறம். ஆண்களுக்கு இது அழகுப் பிரச்சினை. எங்களுக்குத் தெருவில் யார் எங்கே பார்க்கிறார்கள் என்ற பிரச்சினை. சாம்பல் மெலஞ்ச் (பல நிற இழை கலந்த) நிறம் வியர்வையை ஊருக்கே காட்டும். வெளிர்நீலம், வெளிர்பச்சை அப்படித்தான். வெள்ளை நனைந்தால் உள்ளே தெரியும். கறுப்பு, அடர்நீலம், பொடிப்பொடியாகப் பல நிறம் அச்சடித்தவை நல்லது. மெல்லிய துணி வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது, தெரியவும் கூடாது என்றால் கொஞ்சம் தொளதொளவென்ற, பின்பக்கம் நீளமான, மேடுபள்ளமாக நெய்த துணிதான் வழி. வழுவழுவென்ற ஒற்றைப் பின்னல் நனைந்ததும் ஒட்டும். உள்பக்கம் சின்னச் சின்னப் புடைப்பு இருந்தால் தோலைத் தொடுகிற இடமே குறைவு, அதனால் அவ்வளவு ஒட்டாது.

முழங்கைவரை கை வைத்த துணிதான் வேண்டும் என்கிற தோழிகளும் எங்கள் குழுவில் உண்டு. ஸ்லீவ்லெஸ் போடுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள்.

பனியன்_கம்பெனி (திருப்பூர்)

அக்கா சொன்ன புடைப்பு விஷயம் நூற்றுக்கு நூறு. கை வேண்டும் என்றால் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் மட்டும் நெட் துணி பட்டையாக வைத்துத் தைத்தவை கிடைக்கும். முதுகின் நடுவிலும் நெட் இருந்தால் இன்னும் நல்லது. உடலில் வியர்வை அதிகம் வருகிற இடங்களில் முதுகும் ஒன்று.

ஈஸ்ட்கோஸ்ட்_எட்டுக்கால் (சிங்கப்பூர்)

இங்கே ஆண்டு முழுவதும் சென்னையின் மே மாதம்தான், பனிப்புள்ளி 24, 25. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுபவர்களைப் பார்த்தாலே விடை தெரியும். பாதிப் பேர் சிங்லெட், அதாவது கையில்லாத பனியன். பந்தயப் பையில் கொடுப்பதே பெரும்பாலும் சிங்லெட்தான். சட்டையின் கைப்பகுதி போனாலே ஈரம் பிடிக்கிற இடம் கணிசமாகக் குறைகிறது, அக்குள் உரசலும் போகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அக்குள் வெட்டு குறுகலாக இருக்கிற ஸ்லீவ்லெஸ், அரைக்கையைவிட மோசமாக அறுக்கும். போட்டுப் பார்க்கும்போது கையை ஓடுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

நெஞ்சு முழுக்க ரப்பர் பிரிண்ட் அடித்த பந்தய டி-ஷர்ட்டுகளையும் தவிர்க்கலாம். பிரிண்ட் இருக்கிற இடம் மழைக்கோட்டு.

பனியன்_கம்பெனி (திருப்பூர்)

சப்ளிமேஷன் பிரிண்ட் என்றால் பயம் இல்லை. அதில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும், மேலே பூச்சு இருக்காது. கையால் தடவினால் பிரிண்ட் இருக்கிறதே தெரியக்கூடாது. தெரிந்தால் அது ரப்பர் அல்லது ஸ்டிக்கர்.

தையலும் பாருங்கள். சாதாரண ஓவர்லாக் தையல் உள்ளே கரை மாதிரி எழும்பி நிற்கும். நான்கு ஊசி ஆறு நூல் மெஷினில் தைத்தது இரண்டு துணியையும் தட்டையாகச் சேர்க்கும், உள்ளே வரப்பு இருக்காது. விலை கூடும். ஆயிரம் ரூபாய்க்குள் முழுதும் அப்படிக் கிடைப்பது சிரமம். தோளிலும் அக்குளிலும் மட்டுமாவது தட்டையாக இருந்தால் வாங்குங்கள். கழுத்தின் பின்னால் துணி லேபிள் தைத்திருந்தால் பிரித்தெடுங்கள். கத்தரித்தால் மிச்சமிருக்கிற நுனி இன்னும் மோசமாகக் குத்தும்.

காலிமுகம் (கொழும்பு)

ஆமை அண்ணா, காலிமுகத் திடலில் ஓடுகிற எங்களுக்கும் உங்கட வியர்வைதான். இங்கே ஒரு வசதி உண்டு. நைக்கி போன்ற பெரிய கம்பெனிகளுக்கு விளையாட்டு உடுப்புத் தைக்கிற மாஸ் ஹோல்டிங்ஸ் எங்கட நாட்டுக் கம்பெனி. தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சுகிறவை கொழும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள். ஆனால் இடது பக்கத் தையலுக்குள்ளே துணி விவரம் எழுதின சிறிய லேபிள் சிலவேளை மிஞ்சியிருக்கும். அதைத் தேடிப் பார்த்து வாங்குவேன். பருத்தி கலந்திருந்தால் வைத்துவிடுவேன். எலாஸ்டேன் (இழுபடுகிற நூல்) பத்து வீதத்துக்கு மேல் இருந்தாலும் வேண்டாம், இறுக்கிப் பிடிக்கும், காய நேரமெடுக்கும்.

உடம்பை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் சேர்ட் போட்டு மேலே இன்னொன்று போடுகிறவர்களும் இங்கே இருக்கினம். குளிர் நாட்டில் சரி. எனக்கு அது நீராவிக் குளியல்.

பழைய_பஞ்சு (மதுரை)

எல்லாம் கேட்டுக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். என் மகன் வாங்கிக் கொடுத்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டை ஒரு மாதம் போட்டேன். துவைத்துக் காயவைத்த பிறகும் போட்டு ஐந்து நிமிடத்தில் நாற்றம். என் பருத்தி பனியன் அப்படி நாறியதே இல்லை. இதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

தோல்_வைத்தியர் (திருச்சி)

ஐயாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. 2014இல் பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உடற்பயிற்சி செய்தவர்களின் டி-ஷர்ட்டுகளை ஒரு நாள் வைத்திருந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்கிறது. தோலிலிருந்து வருகிற எண்ணெயும் பாலியஸ்டரில் நன்றாக ஒட்டும், சாதாரணச் சலவையில் முழுதாகப் போகாது. மிஞ்சிய எண்ணெய் அடுத்த நாள் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

செய்யவேண்டியது: ஓடி வந்ததும் ஈர டி-ஷர்ட்டைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். குளிக்கும்போதே அலசிக் காயப்போடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். நாற்றம் பிடித்துவிட்டால் அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். வாசனைக்காக ஊற்றுகிற சாஃப்ட்னர் கூடவே கூடாது. அது இழைமேல் படலம் கட்டி, வியர்வை கடத்துகிற தன்மையைக் கெடுக்கும், நாற்றத்தையும் உள்ளே பூட்டி வைக்கும்.

ஆமை அவர்களின் உரசலுக்கு வருகிறேன். வாசலின் நல்லது, ஆனால் இவ்வளவு வியர்ப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கரைந்து போகும். கையில் சின்ன டப்பா வைத்து மறுபடி தடவவேண்டும். மார்க்காம்புக்கு பிளாஸ்டர்தான். காகிதம் மாதிரி இருக்கிற மைக்ரோபோர் நனைந்ததும் கழன்றுவிடும். லூக்கோபிளாஸ்ட் போன்ற துணி பிளாஸ்டர் தாங்கும். வியர்க்கத் தொடங்குவதற்கு முன், எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்த தோலில் ஒட்டவேண்டும்.

இன்னொன்று, கட்டாயம் சொல்லவேண்டியது. ஓடிவிட்டு ஈர உடையோடு டீக்கடையில் ஒரு மணி நேரம் அரட்டை அடிக்கிற பழக்கம் பல ஓட்டக் குழுக்களில் இருக்கிறது. வேர்க்குரு, தேமல், தொடையிடுக்கிலும் அக்குளிலும் படர்தாமரை என்று என்னிடம் வருகிற ஓட்டக்காரர்களில் பலர் இந்த ரகம். ஒரு மாற்று டி-ஷர்ட்டும் துண்டும் வண்டியில் இருக்கட்டும். படர்தாமரை வந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவாதீர்கள். இரண்டு நாள் அரிப்பு நிற்கும், அப்புறம் இரண்டு மடங்காகப் பரவும். நாடு முழுக்க இன்று படர்தாமரை லேசில் போகாமல் இருப்பதற்கு அந்தக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம்.

நொய்யல்_நடை (கோவை)

டீக்கடை அரட்டையை மட்டும் விடமுடியாது டாக்டர். மாற்று டி-ஷர்ட் கொண்டு போகிறேன்.

பழைய_பஞ்சு (மதுரை)

வினிகர் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு சலவையிலும் பாலியஸ்டரிலிருந்து பிளாஸ்டிக் துகள் ஆற்றில் போகிறதே, அதற்கு வினிகர் உண்டா? அப்புறம், என் அப்பா காலத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை போட்ட நெட் பனியன் விற்கும். பருத்திதான். அதைப் போட்டுக்கொண்டு களத்து மேட்டில் நாள் முழுக்க நின்றார்கள். அந்த நெட் பனியனைவிட உங்கள் டாட் நிட் என்ன பெரிசு?

கொதிகலன் (நெய்வேலி)

துகள் விஷயத்தில் ஐயா சொல்வது உண்மை. என்னிடம் பதில் இல்லை. குறைவாக வாங்கி, கிழியும்வரை போடலாம், அவ்வளவுதான்.

நெட் பனியனுக்கு நான் அடிமை. ஓட்டை வழியாகத் தோலுக்கு நேரே காற்றுப் படும், துணியே பாதிதான் இருப்பதால் பிடிக்கிற தண்ணீரும் பாதி. நார்வேயில் 1930களிலேயே வலைப் பனியனைக் குளிருக்குக்கூடப் பயன்படுத்தினார்கள். அதே நெட்டைப் பருத்திக்குப் பதிலாக பாலியஸ்டரில் பின்னினால் ஆமை சாருக்கு அதைவிடச் சிறந்த துணி இல்லை. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் வினாடிக்கு இரண்டரை மீட்டர் காற்று எதிரே வருகிறது. மூடின துணி போட்டு அதை ஏன் தடுக்கவேண்டும்?

ஐந்தரைமணி (சென்னை)

சட்டை இல்லாமலே ஓடுகிற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. காற்று நன்றாகப் படும்தான். ஆனால் வடிகிற வியர்வையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் எல்லாம் நேரே ஷார்ட்ஸுக்குள் இறங்கும். ஷூவில் சளக் சத்தம் கேட்பவர்களுக்கு அது உதவாது.

ஈஸ்ட்கோஸ்ட்_எட்டுக்கால் (சிங்கப்பூர்)

சளக் சத்தத்துக்கு வழி டி-ஷர்ட்டில் பாதி, கீழே பாதி. டி-ஷர்ட் நீளம் இடுப்போடு நிற்கட்டும். தொடைவரை தொங்கினால் அது ஷார்ட்ஸ்மேல் தண்ணீர் ஊற்றுகிற குழாய். ஷார்ட்ஸ் மெல்லியதாக, உள்ளே பருத்தி ஜட்டி இல்லாமல், அதிலேயே நெட் உள்துணி வைத்ததாக இருக்கட்டும். சாக்ஸ் பருத்தி வேண்டவே வேண்டாம். ஷூ மேல்புறம் ஊடுருவித் தெரிகிற மெஷ்ஷாக இருந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வரும். நெற்றிக்குத் தொப்பியைவிட வைசர் (உச்சி திறந்த தொப்பி) அல்லது டவல் பட்டை. இடுப்பில் ஒரு சின்னத் துண்டு செருகிக்கொண்டு, அவ்வப்போது முன்கையைத் துடைத்தால் முழங்கை வழியாகச் சொட்டுவதும் குறையும்.

கொதிகலன் (நெய்வேலி)

ஆனால் முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆவியாகவேண்டிய வியர்வையைத் துடைத்தால் உடல் மறுபடி வியர்க்கும். சொட்டுகிற அளவு வந்ததை மட்டும் எடுங்கள்.

அடையாறு_ஆமை (சென்னை)

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு வாங்கினேன். ஒன்று டெக்கத்லானில் எடுத்த சாதாரண ஸ்லீவ்லெஸ், எக்ஸ்எல், தராசில் 96 கிராம். இன்னொன்று முன்னும் பின்னும் நெட் துணி, பெயர் தெரியாத திருப்பூர் சரக்கு, 110 கிராம். இரண்டும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. இரண்டும் நனையத்தான் செய்தன. ஆனால் நெட் உடம்பில் ஒட்டவில்லை, பிளாஸ்டர் ஒட்டியதால் மார்பில் எரிச்சலும் இல்லை. சளக் சத்தம் பத்தாவது கிலோமீட்டருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஸ்லீவ்லெஸ்ஸில் வலது அக்குள் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்கிறது. அது துணியா, நான் கை வீசுகிற விதமா?

பந்தயத்தன்று வெயில் வந்தால் தோளுக்கு என்ன செய்வது?

ஈஸ்ட்கோஸ்ட்_எட்டுக்கால் (சிங்கப்பூர்)

அரை மராத்தான் விடியுமுன் தொடங்கிவிடும். நீங்கள் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் வெயிலைப் பார்ப்பீர்கள். தோளிலும் பிடரியிலும் சன்ஸ்கிரீன் போதும். நெற்றியில் மட்டும் தடவாதீர்கள், வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். பிப்பை (பந்தய எண் தாளை) டி-ஷர்ட்டில் குத்தினால் மெல்லிய நெட் இழுபட்டுக் கிழியும், வயிற்றில் காற்றும் அடைபடும். எலாஸ்டிக் பட்டையில் மாட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

பனியன்_கம்பெனி (திருப்பூர்)

வலது அக்குள் மட்டும் என்றால் அந்தப் பக்கத் தையலை உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். நூல் முடிச்சு ஒன்று இருக்கும். கத்தரியால் வெட்டிவிட்டு, நுனியை மெழுகுவர்த்தியில் ஒரு நொடி காட்டினால் உருகி அடங்கும். உருகின இடம் குண்டாகி அதுவே குத்தாமல் சூட்டோடு ஏதாவது உலோகத்தால் அழுத்திவிடுங்கள். இடதும் சிவந்தால் வெட்டு குறுகல். உள்ளூர் தையல்காரரிடம் கொடுத்து அக்குள் வளைவை அரை அங்குலம் இறக்கி, தட்டையாக மடித்து அடிக்கச் சொல்லுங்கள்.